தலையெழுத்தும் துண்டுச் சீட்டும்

மனித வாழ்க்கை ஏன் இப்படி அமைகிறது, அதில் மனிதரின் கைக்கு எட்டியது எவ்வளவு, எட்டாதது எவ்வளவு என்ற கேள்வியைத் தமிழ்ச் சமய மரபு வினை என்ற கருத்தைக் கொண்டு அணுகியது. இரண்டு நூற்றாண்டுகூட நிறையாத சமூகவியல், சமூக அமைப்பு என்ற கருத்தைக் கொண்டு அணுகுகிறது. ஒருவர் பிறப்பதற்கு முன்பே அவருக்காகக் காத்திருக்கும் ஒன்றைப் பற்றியே இரண்டும் பேசுகின்றன. அந்த ஒன்று செயல்களால் விளைந்தது என்பதிலும் இரண்டுக்கும் கருத்து வேறுபாடில்லை. யாருடைய செயல் என்ற இடத்தில்தான் வழி பிரிகிறது. ஒருவர் அனுபவிப்பது அவரே முற்பிறவிகளில் செய்தவற்றின் பயன் என்கிறது சமயம். அவருக்கு முன்னும் அவருக்கு அப்பாலும் வாழ்ந்த வேறு பலர் செய்தவற்றின் பயன் என்கிறது சமூகவியல். ஏட்டளவில் சிறியதாகத் தெரியும் இந்த வேறுபாடு, இலங்கையின் மலையகத்தில், ஹட்டனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளின் காம்பராக்களுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மக்களைப் பொறுத்தவரை மிகப் பெரியது. அவர்கள்மேல் சுமத்தப்பட்ட அமைப்பு தோற்றம் தெரியாத பழமையிலிருந்து வந்ததன்று. இன்ன ஆண்டில், இன்ன சட்டத்தின் கீழ், இன்னாரின் நலனுக்காக அது இயற்றப்பட்டது என்பதற்குப் பெரும்பாலும் எழுத்திலேயே சான்று இருக்கிறது.

சமூக அமைப்பு என்று சமூகவியலாளர் குறிப்பது, மனிதருக்கிடையே நிலைத்துப்போன உறவுகளின் ஒழுங்கை: யார் நிலத்துக்கு உரியவர், யார் அதில் உழைப்பவர், யார் யாருக்குக் கட்டளையிடலாம், எந்தப் பிழைக்கு எந்தத் தண்டனை என்பவை தனியொருவரின் விருப்பத்தைக் கேட்காமலே தீர்மானமாகியிருக்கும் நிலை அது. பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இவ்வகை ஒழுங்குகள் தனிமனிதருக்கு வெளியே நின்று அவரைக் கட்டுப்படுத்துவன என்றும், ஒரு பொருளை ஆராய்வதுபோலவே அவற்றையும் ஆராய வேண்டும் என்றும் வாதிட்டார். செயல் என்பதோ, மனிதர் ஓர் அர்த்தத்தை மனத்தில் கொண்டு செய்வது. ஜெர்மானியரான மாக்ஸ் வெபர் சமூகவியலைத் தொடங்கியது இந்த முனையிலிருந்து. மனிதர் தம் வரலாற்றைத் தாமே ஆக்குகிறார்கள், ஆனால் தாம் தெரிந்தெடுக்காத நிலைமைகளுக்குள் நின்று ஆக்குகிறார்கள் என்ற கருத்தை 1852ஆம் ஆண்டிலேயே முன்வைத்த கார்ல் மார்க்ஸ், இரு முனைகளையும் ஒரே நோக்கில் காட்டியவர். பின்வந்த விவாதம் அந்த நோக்கின் இரண்டு பாதிகளில் எதற்கு எவ்வளவு எடை என்பதைப் பற்றியதாகவே பெரிதும் நடந்தது.

தமிழ்ச் சிந்தனைக்கு இந்த விவாதம் புதியதன்று. திருக்குறளில் ஊழ் என்ற 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைச் சொல்லி முடிய, ஆள்வினையுடைமை என்ற 62ஆம் அதிகாரம் தளராத முயற்சிக்கு அந்த ஊழும் புறங்காட்டும் என்ற நம்பிக்கையில் போய் முடிகிறது. இரண்டையும் ஒரே நூலில் வைக்க ஆசிரியர் தயங்கவில்லை. சைவ சித்தாந்தம் இன்னும் நுணுக்கமாக, வினையை மூன்றாகப் பகுக்கிறது. பல பிறவிகளில் ஈட்டப்பட்டுச் சேர்ந்து கிடக்கும் தொல்வினை, அதிலிருந்து இந்தப் பிறவிக்கென்று பகுத்து வந்து அனுபவிக்கப்படும் நுகர்வினை, அனுபவிக்கும்போதே புதிதாகச் செய்து சேர்க்கப்படும் ஏறுவினை என்ற இந்தப் பகுப்பில், வந்து சேர்ந்ததும் செய்து சேர்ப்பதும் ஒரே வாழ்க்கைக்குள் ஒரே நேரத்தில் நடைபெறுகின்றன. அதே தத்துவம் இன்னொன்றையும் வலியுறுத்துகிறது: வினை அறிவற்ற சடம், அது தானாக எழுந்துபோய் உரியவரைப் பற்றாது, அறிவுடைய ஒருவன் கூட்டினால்தான் அதன் பயன் உயிரைச் சேரும். சித்தாந்திகள் இதை இறைவனின் இன்றியமையாமையை நிறுவச் சொன்னார்கள். சமூகத்தை ஆராய்பவருக்கும் இந்தக் கூற்று பெரிதும் பயன்படும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. சமூக அமைப்பும் சடமே. சட்டம் தானாக ஒருவரைத் தண்டிப்பதில்லை, கடன் தானாக ஒருவரைக் கட்டிப்போடுவதில்லை. யாரோ ஒருவரின் கை எழுதுகிறது, இன்னொருவரின் கை பூட்டுகிறது.

மலையகத்தில் அந்தக் கை எழுதியது துண்டு. 1869ஆம் ஆண்டில் தலைகாட்டிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்க, தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டிலேயே லூல்கந்துரையில் பயிரிட்டுக் காட்டியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவகாலத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் குடியிருந்து உழைக்கும் குடும்பங்கள் வேண்டும். அந்தக் குடும்பங்களைத் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து திரட்டி வந்தவர் கங்காணி. தோட்டத்தை நிர்வகித்த துரையிடம் முன்பணம் பெற்று, அதை வழிச்செலவாகவும் அரிசியாகவும் ஆட்களுக்குக் கொடுத்து, அவர்கள் பெயரில் கடனாக ஏற்றிக்கொண்டு, பெரிய கங்காணி ஒரு கூட்டத்தையே அழைத்து வந்தார்; அவருக்குக் கீழே உறவும் சாதியும் ஊரும் ஒன்றான சிறு சிறு குழுக்களைச் சில்லறைக் கங்காணிமார் நடத்தினர். அந்தக் கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கிறோம் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதுவே துண்டு. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கொடுத்து ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். கடன் தீராது, கைமாறும், பெரும்பாலும் வளரும். 1865ஆம் ஆண்டின் தொழில் ஒப்பந்தச் சட்டப்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போவது தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது.

இந்த நிலையில் பிறந்த ஒரு குழந்தை தன் தலையெழுத்து என்று எதைச் சொல்லும்? தன் பாட்டன் எந்த ஊரில் எந்தப் பஞ்சத்தில் எவ்வளவு முன்பணம் வாங்கினான் என்பதை அது அறியாது. ஆனால் அந்தத் தொகை அதன் தாயின் சம்பளத்தில் மாதந்தோறும் கழிகிறது. தொல்வினை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உலகியல் விளக்கம் கிடைப்பது அரிது. இருந்தாலும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பிரமன் எழுதியதை அழிக்க முடியாது என்பது நம்பிக்கை. துரை எழுதியதை 1921ஆம் ஆண்டில் ஒரு சட்டம் அழித்தது. அழிந்த நாளில் எவருடைய முற்பிறவிக் கணக்கும் மாறிவிடவில்லை. ஆகவே தோட்டத்து வறுமைக்கு ஊழைக் காரணம் காட்டும் பேச்சு, சொல்பவர் பக்தராயிருந்தாலும், பக்தியின் பெயரால் ஒரு கணக்குப் புத்தகத்தை மறைத்துவிடுகிறது. அந்தப் பேச்சைச் சமயம் தன் பேச்சாக ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

அமைப்பு கைகளின் வழியாகவே இயங்குகிறது என்பதை, பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் கண்கூடாகக் காணலாம். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள்கணக்கு எடுத்து, இன்ன மலைக்கு இத்தனை பேர் என்று பிரித்து அனுப்பிய பிறகு, கொழுந்து நிறுக்கும் வேளையில் பெண்கள் சாக்கைச் சுமந்துவந்து தராசின் முன் வரிசையில் நிற்கிறார்கள். அன்றைக்குரிய நிறை பல தோட்டங்களில் 18 கிலோ என்றும், சிலவற்றில் அதற்குக் கூடவோ குறையவோ என்றும் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த நிறை வந்தால் ஒரு பேர் விழும். வராவிட்டால் அரைப் பேர். பேர் என்பது இங்கே ஒரு முழுநாட் சம்பளத்துக்கான பதிவு. தராசில் முள் நிற்கும் இடத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் சாக்குக்கு எவ்வளவு, இலையின் ஈரத்துக்கு எவ்வளவு, முற்றல் இலைக்கு எவ்வளவு என்று கழித்து எழுதும் உரிமை நிறுப்பவரிடம் இருக்கிறது. உலகத் தேயிலைச் சந்தை, கம்பனியின் இலாபக் கணக்கு, சம்பள உடன்படிக்கை ஆகிய பெரிய அமைப்புகள் எல்லாம் அந்த ஒரு கணத்தில் ஒரு பேனா முனைக்கு வந்து சேர்கின்றன. அவர் இரண்டு கிலோ கழிக்கலாம், ஒன்றும் கழிக்காமலும் விடலாம். வரிசையில் நிற்கும் ஒருத்தி தன் நிறைக்கு மிஞ்சிய கொழுந்தில் ஒரு கைப்பிடியை, நிறை குறைந்துபோன பக்கத்து லயத்துக்காரியின் சாக்கில் போட்டுவிட்டால், எந்தச் சட்டத்தையும் மாற்றாமலே ஓர் அரைப் பேர் முழுப் பேராகிவிடும். வெளிப்படையாக எதிர்க்க இயலாதவர்களின் இத்தகைய நாளாந்தச் சிறு செயல்களை, அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் மலேசியக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எளியோரின் ஆயுதங்களாகக் கண்டார். அவற்றின் வலிமையை மிகைப்படுத்தக் கூடாது. அடுத்த நாளும் அதே தராசு, அதே 18 கிலோ. என்றாலும் பல ஆண்டுகள் ஒருவர் சாக்கில் ஒருவர் கொழுந்து போட்டுப் பழகியவர்களால்தான் ஒரு காலையில் எல்லோரும் சேர்ந்து மலைக்குப் போக மறுக்க முடிகிறது.

தடையாக நிற்கும் அமைப்பே செயலுக்குக் கருவியாகவும் அமைகிறது என்பது பிரித்தானிய சமூகவியலாளர் அந்தோணி கிடன்ஸ் 1984ஆம் ஆண்டில் விரிவாக முன்வைத்த கருத்து. அமைப்பையும் செயலையும் இரண்டு தனிப் பொருள்களாகக் கொள்ளாமல் ஒன்றன் இரு முகங்களாகக் கொள்ள வேண்டும் என்றும், மனிதர் செயற்படும் ஒவ்வொரு முறையும் அமைப்பு மீண்டும் உண்டாக்கப்படுகிறது அல்லது சிறிதே மாற்றப்படுகிறது என்றும் அவர் விளக்கினார். தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்வது இதை விளங்கிக்கொள்ள உதவும்: விட்டால் மரமாக வளரக்கூடியதை இடுப்பளவில் வெட்டி நிறுத்தும் கத்தி, அதன் வளர்ச்சியை ஒழிக்க விரும்புவதில்லை, அந்த வளர்ச்சியை நம்பியே வெட்டுகிறது, துளிர் விடாத செடியால் தோட்டத்துக்குப் பயனில்லை. தொழிலாளரின் ஒற்றுமை, உறவு, பேச்சுத் திறன், கூட்டாக உழைக்கும் பழக்கம் ஆகியவை அனைத்தும் தோட்டத்துக்குத் தேவை. அவற்றை வளர்த்துவிட்டு, தனக்கு எதிராக அவை திரும்பாமல் வைத்திருக்கத் தோட்டத்தால் எக்காலமும் முடிந்ததில்லை.

ஹட்டன் நகரமே இதற்கு முதற்சான்று. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்குவதற்காக நீட்டப்பட்ட ரயில் பாதை 1884ஆம் ஆண்டில் ஹட்டனை அடைந்தது. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியாத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே வாசலாயிற்று. அக்காலத்தில் தோட்டம் துரையின் தனிநிலம். வெளியார் அனுமதியின்றி உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் தோட்டங்களின் நிலையை நேரில் அறியப் புடைவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனதாக மலையக வரலாறு சொல்கிறது. அவர் 1931ஆம் ஆண்டில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கத் தேர்ந்தெடுத்த இடம் ஹட்டன். நகரத்து வீதி துரைக்குச் சொந்தமானதன்று. சம்பளத்தன்றும் சந்தைக்கும் நடந்து வரும் தொழிலாளியைத் தடுக்க அங்கே காவற்காரன் இல்லை. துரைமாரின் வசதிக்காக எழுந்த நகரம், அவர்களின் வேலிக்கு வெளியே தொழிலாளி கூட்டம் கேட்கக்கூடிய ஒரே இடமாக மாறிற்று. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். எழுத்தறியாத மக்களிடம் பாட்டு சென்ற அளவுக்குத் துண்டுப்பிரசுரம் செல்லாது என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். அதே 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பிற்று.

முல்லோயாத் தோட்டத்தில் நடந்தது இதன் அடுத்த கட்டம். சம்பள உயர்வு கேட்டு எழுந்த வேலைநிறுத்தத்தின்போது, 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். தோட்டத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகியாக அவர் பெயரை மலையகம் நினைவில் வைத்திருக்கிறது. அவ்வாண்டிலேயே தோட்ட உரிமையாளர் தரப்பு ஏழு அம்ச உடன்படிக்கை ஒன்றின் மூலம் தொழிற்சங்கங்களை ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. கங்காணியைத் தவிர வேறு வாயில்லாதிருந்த தொழிலாளிக்குச் சங்கத்தின் தோட்டத் தலைவர் என்ற இன்னொரு வாய் கிடைத்தது; காலப்போக்கில் அந்தத் தலைவர்மாரும் மாதச் சந்தாவும் மேலிடத்துச் சங்கமும் சேர்ந்து இன்னோர் அமைப்பாகி, அடுத்த தலைமுறை அதனோடும் போராட வேண்டியதாயிற்று. செயல் உறைந்து அமைப்பாவதற்கு முப்பது நாற்பது ஆண்டு போதும்.

செயலின் பயன் செய்தவர் நினைத்த இடத்திலேயே போய் விழும் என்பதற்கும் உறுதியில்லை. எதிர்பாராத விளைவுகள் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1936ஆம் ஆண்டில் ஆராய்ந்த இந்தச் சிக்கலை, 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலைப்போல் துயரமாகக் காட்டும் நிகழ்வு இலங்கை வரலாற்றில் வேறில்லை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் அத்தேர்தலில் 7 இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணை செய்தது. வாக்கைச் சரியாகப் பயன்படுத்தியதே குற்றமாயிற்று. சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ தந்தையின் முன்னோரோ இத்தீவில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்து லயத்தில் மடிந்தவர்களிடம், பிறப்பைப் பதிவு செய்யும் வசதியே ஒழுங்காக இல்லாத காலத்துக்குரிய சான்றைக் கேட்பது, இல்லை என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்பதாகும். ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அவர்களின் வாக்கையும் பறித்தது. இதனைக் கண்ணற்ற அமைப்பின் இயக்கம் என்று விளக்குவது நேர்மையாகாது. பாராளுமன்றத்தில் பெயர் சொல்லி வாக்களித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுள் தமிழ் உறுப்பினர்களும் இருந்தார்கள், எதிர்த்து நின்றவர்களும் இருந்தார்கள். பொறுப்பு என்பது அமைப்புக்கு உரியதன்று, அமைப்பை இயற்றுபவருக்கும் இயக்குபவருக்கும் உரியது என்ற கருத்தை விட்டுவிட்டால் சமூகவியல், ஊழ் என்ற பழைய சொல்லின் இடத்தில் இன்னொரு சொல்லை வைத்த துறையாக மட்டும் எஞ்சும்.

வாக்கற்ற அந்த நீண்ட காலத்தில் மக்களின் கூட்டு வாழ்வைத் தாங்கிய இடங்களுள் தோட்டத்து மாரியம்மன் கோயிலும் காமன் கூத்தும் முக்கியமானவை. துர்க்கைம் 1912ஆம் ஆண்டு நூலில், சடங்கில் கூடும் சமூகம் தன்னைத்தானே வணங்குகிறது என்ற அளவுக்குப் போனார். அதை அப்படியே ஏற்காதவரும், சடங்கில் சமூகம் தன்னை ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொள்கிறது என்பதை மறுக்க மாட்டார். திருவிழாவில் துரைக்கும் பெரிய கங்காணிக்கும் முதல் மரியாதை செய்தபோது, தோட்டத்தின் ஏற்றத்தாழ்வு தெய்வத்தின் முன்னிலையில் உறுதி பெற்றது. அதே திருவிழாவுக்குப் பணம் திரட்டி, கணக்கு வைத்து, பூசலைத் தீர்த்து, காவடிக்கும் கரகத்துக்கும் ஆள் வகுத்தவர்கள் தொழிலாளர்களே. பொது விவகாரத்தை நடத்தும் பயிற்சி அவர்களுக்கு அங்கேயே கிடைத்தது என்று கருத இடமுண்டு. மாசியில் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்தில், பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர் இரவில் காமனாகவும் ரதியாகவும் தூதனாகவும் வீரபத்திரனாகவும் நிற்கிறார். சிவனின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் ஏவினார்கள் என்பதற்காகப் போன காமன் எரிந்து சாம்பலாக, யாருக்காகப் போனானோ அவர்கள் விலகிக்கொள்ள, ரதி நியாயம் கேட்டுப் புலம்புகிறாள். அந்தப் புலம்பலுக்குப் பயனாக அவன் உயிர்பெறுகிறான். மேலிடத்தின் ஏவலுக்கு உழைத்து அழிந்தவனுக்காக அவன் வீட்டுப் பெண் தெய்வத்திடமே வழக்குரைக்கும் இந்தக் கதை, தமிழ்நாட்டில் அது மங்கிப்போன பல ஊர்களைக் காட்டிலும் மலையகத்தில் உரத்து வாழ்வதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சமயம் இங்கே அடங்கிப் போகச் சொல்லவில்லை. தெய்வத்தின் தீர்ப்பையும் மேன்முறையீடு செய்யலாம் என்று பழக்குகிறது.

1964ஆம் ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான இலங்கை, இந்திய அரசுகளின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினரான 9,75,000 பேரை இரண்டு நாடுகளுக்கிடையே பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்று. சம்பந்தப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. ஆயினும் விண்ணப்பப் படிவம் ஒவ்வொரு குடும்பத்தின் கைக்கும் வந்தே ஆக வேண்டியிருந்தது. அந்தப் படிவத்தில் இந்தியாவைக் கேட்டவர்களின் தொகை ஒப்பந்தம் ஒதுக்கிய அளவை எட்டவில்லை. எந்தச் சங்கமும் முழுமையாகத் திட்டமிடாத, தனித்தனிக் குடும்பங்கள் இரவில் விளக்கருகே பேசி எடுத்த முடிவுகள் ஒன்றுசேர்ந்து இரு அரசுகளின் கணக்கைத் தவறச் செய்தன. போனவர்களின் கதை வேறு. தாயகம் திரும்பியோருக்கு வேலை தரத் தமிழ்நாட்டு அரசு 1968ஆம் ஆண்டில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம், அதே கூடையும் அதே லயமும் அதே நிறுவையும் அவர்களுக்காகக் காத்திருந்தன. அமைப்பு மனிதரின் உடலுக்குள் பழக்கமாகப் படிந்து, எண்ணாமலே கையையும் காலையும் நடத்தும் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு விளக்கியது இவர்களுக்குப் பொருந்தும். பழக்கம் மட்டும் காரணமன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கத் தெரிந்தவருக்குக் கொழுந்து பறிக்கும் வேலையை மட்டுமே கொடுக்க ஓர் அரசு தீர்மானித்திருந்தது.

செயல் வெல்லும் காலமும் உண்டு. அது பெரும்பாலும் அமைப்பில் ஒரு நெகிழ்ச்சி தோன்றும் தருணமாக இருக்கிறது. 1977ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி, தோட்டக் காணிகளைப் பறித்துப் பங்கிடுவதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் நின்றவர்கள்மீது பொலிசார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். பொதுத்தேர்தல் நெருங்கிய வேளை அது. காணி பறிக்கும் முயற்சி நின்றது. 1984ஆம் ஆண்டில் தேயிலை விலை உயர்ந்திருந்தபோது சங்கங்கள் ஒன்றுசேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்தின் பின்னர் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமாயிற்று. அந்த வெற்றியின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். ஆண்களின் வேலை பலவும் நண்பகலுக்குப் பின் முடிந்துவிட, பெண் மாலைவரை மலையில் நின்றாள். சம்பளத்தைப் போய் வாங்கியவர் பல வீடுகளில் கணவரே. தோட்டத்தின் அமைப்பில் ஒரு கல் பெயர்ந்தபோது குடும்பத்தின் அமைப்பு அசையாமல் இருந்தது. அமைப்பு ஒன்றாக இருப்பதில்லை, ஒன்றுக்குள் ஒன்றாகப் பல இருக்கின்றன. ஒரு செயல் அவற்றில் ஒன்றைத்தான் தொடுகிறது.

கிடன்ஸின் இரு முகக் கருத்தை மறுத்த பிரித்தானியச் சமூகவியலாளர் மார்கரெட் ஆர்ச்சர், 1995ஆம் ஆண்டு நூலில் காலத்தைக் கணக்கில் எடுக்கச் சொன்னார். அமைப்பு முன்பே இருக்கிறது. அதற்குள் வந்து சேர்ந்தவர் செயற்படுகிறார். அதனால் மாறிய அமைப்பு அவருக்குப் பின்வருபவரைச் சேர்கிறது. மூன்றையும் ஒரே கணத்தில் குழைத்துவிட்டால் யார் எதற்குப் பொறுப்பு என்பது கலங்கிப் போகும் என்பது அவர் வாதம். மலையகத்தைப் பொறுத்தவரை ஆர்ச்சர் சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது. 1948ஆம் ஆண்டில் இழந்த பிரஜாவுரிமை 1980களின் சட்டங்களால் பகுதி பகுதியாகவும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் பெரும்பாலும் முழுமையாகவும் திரும்பிற்று. இழந்தவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடில்லை. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்புடை அணிந்து 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டுத் திரண்ட இளைஞர்களில் பலர் தோட்டத் தொழிலாளர்கள் அல்லர். தலைநகரத்துக் கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்த தோட்டத்துப் பிள்ளைகள். தேயிலை மலையை விட்டு வெளியேறியது அவர்கள் தமக்காகச் செய்த செயல். கூடியது தாய்மாருக்காகச் செய்த செயல். சங்கங்களின் அழைப்புக்குக் காத்திராமல் அவர்கள் கூட முடிந்ததற்கு, துரையிடமோ தலைவரிடமோ இழப்பதற்கு அவர்களுக்கு ஒன்றும் இல்லாதிருந்தது ஒரு காரணம். 2021ஆம் ஆண்டில் சம்பள நிர்ணய சபை வழியாக அந்த 1,000 ரூபாய் வந்தபோது, பொருள்களின் விலையும் சேர்ந்தே ஏறிக்கொண்டிருந்தது.

சித்தாந்தத்தின் ஏறுவினை செய்தவரையே சேரும். சமூகத்தின் ஏறுவினை பெரும்பாலும் பிறரைச் சேர்கிறது. கோவிந்தன் பெற்றுத்தந்த சங்க உரிமையை அவர் அனுபவிக்கவில்லை. 1948ஆம் ஆண்டில் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு வாக்களித்தவர்கள் ஒரு நாளும் லயத்தில் உறங்கவில்லை. வினைக்கொள்கையின் நீதி உணர்வு இந்த இடத்தில் வருந்தத்தான் செய்யும், ஏனெனில் செய்தவனும் அனுபவிப்பவனும் ஒருவனாக இருக்க வேண்டும் என்பதே அதன் அடித்தளம். அந்த வருத்தத்தை அடக்கிவிடாமல் வைத்துக்கொள்வது நல்லது. துன்புறுகிறவர்களிடம் பழைய பிறவியின் கணக்கைக் காட்டி அமைதியடையச் சொல்வதைவிட, செய்தவரும் அனுபவிப்பவரும் வேறு வேறாகிப்போன ஒரு சமூகத்தில் பிறருடைய வினையின் பயனை அவர்கள் சுமக்கிறார்கள் என்று அறிந்து அச்சுமையில் பங்கேற்க மற்றவர்களைக் கேட்பது, சமய உணர்வுக்கு எவ்விதத்திலும் முரணாகாது.

இப்போது தோட்டங்களில் புதிய ஒழுங்கு ஒன்று உருவாகி வருகிறது. சில பெருந்தோட்டக் கம்பனிகள் நாட்சம்பளத்துக்குப் பதிலாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையான தேயிலைச் செடிகளைப் பிரித்துக் கொடுத்து, பராமரித்துப் பறித்த கொழுந்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் முறையை நடத்துகின்றன. தன் செடி, தன் நேரம், தன் உழைப்பு என்ற நிலை, பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடக் காத்து நின்றவர்களுக்குக் கவர்ச்சியாக இருப்பது இயல்பு. பலர் விரும்பியே ஏற்கிறார்கள், அவ்விருப்பத்தை அறியாமை என்று தள்ளுவது தவறு. ஆனால் பெரட்டு இல்லாமல் போனால் எல்லோரும் சேர்ந்து நிற்கும் களமும் இல்லாமல் போகும். ஊழியர் சேமலாப நிதியும் பிரசவ விடுமுறையும் தொழிலாளி என்ற பதிவோடு சேர்ந்தே வந்தவை. செடி குடும்பத்துக்கு ஒப்படைக்கப்பட்டாலும் நிலம் குடும்பத்துக்கு எழுதப்படுவதில்லை. கொழுந்தை வாங்குவதும் விலை வைப்பதும் அதே தொழிற்சாலை. உரத்தின் செலவை யார் ஏற்பது, விலை எந்தக் கணக்கில் ஏறி இறங்குவது, ஒப்பந்தத்தில் கையெழுத்து பறிக்கும் பெண்ணுடையதா வீட்டுத் தலைவராகக் கருதப்படும் ஆணுடையதா என்பவை இன்னும் உறையாத நிலையில் இருக்கின்றன. டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் அந்தத் தாளில் எழுதப்படும் வரிகளை, கையெழுத்திடும் முன்பே கூடியிருந்து படித்து, திருத்தக் கேட்க வேண்டிய காலம் இது.